மூன்று பெட்டி சுமந்து போய் இரண்டைத் திருப்பிச் சுமந்த கதை

பழைய புத்தகக் கடை திறந்திருக்கிறது என்றால் அன்று புத்தகம் வாங்குவார்கள் என்று அர்த்தமில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறு, புத்தகத்தைப் பார்த்து விலை சொல்கிறவர் வேறு. பின்னவர் சில நாட்களில்தான் வருவார். வீட்டிலிருந்த புத்தகங்களை விற்க, இதைக் கேட்டுக்கொள்ளாமல் கிளம்பியதில் முதல் நடை வீண். "வச்சிட்டுப் போங்க, பாத்துச் சொல்றோம்" என்றார் கல்லாக்காரர். வைக்கவில்லை. அப்படி வைப்பதென்றால் எத்தனை புத்தகம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டாமென்று ஒதுக்கியதை எத்தனை நாளைக்குள் எடுத்துப்போக வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும், கெடு தாண்டினால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாம் நடையில் ஆள் இருந்தார். முதல் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து முகர்ந்தார். அவ்வளவுதான், பெட்டியையே மூடிவிட்டார். அடியில் கிடந்த இரண்டு புத்தகங்களில் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்திருந்தது. மேலே இருந்தவை பார்வைக்குச் சுத்தம். ஆனால் பூசண வித்து எதில் ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, ஈரம் கிடைத்தால் அலமாரி முழுக்கப் பரவும். எரிச்சலாக இருந்தாலும் அவர் பக்கம்தான் நியாயம். கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. தாளில் பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் விலைதான் குறையும், பூசண வாடை அடித்தால் தொடவே மாட்டார்கள்.

இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோயிருக்கவே வேண்டாம். புதுப் பதிப்பு வந்துவிட்ட பாடப்புத்தகங்கள், காலாவதியான கணினிக் கையேடுகள், இரண்டு தொகுதி குறைகிற கலைக்களஞ்சியம், நூலக முத்திரை குத்திய நாவல்கள். என்ன விலைக்கு வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். இனி விற்குமா என்பது ஒன்றே கணக்கு. நல்ல நிலையில் இருந்த இரண்டைக்கூட, "இதுல ஏற்கெனவே நாலு பிரதி நிக்குது" என்று தள்ளி வைத்தார். கையில் இருப்பவற்றின் பட்டியலை முன்கூட்டியே அனுப்பியிருந்தால் அந்தச் சுமை மிச்சம்.

மூன்றாவது பெட்டி தேறியது. ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணை, தட்டித் தட்டி விலை போட்டுக்கொண்டே வந்தவர், கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றையும் சாதாரண அடுக்கில் வைத்தார். அங்கேதான் குறுக்கே பேச வேண்டியிருந்தது. பதிப்பு விவரப் பக்கத்தின் அடியில் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் பெரும்பாலும் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். இதில் 1 இருந்தது, அதாவது முதல் அச்சு. மேலுறையும் கிழியாமல் இருந்தது. காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார், விலை ஏறியது. இன்னும் ஏறியிருக்கும், ஆனால் மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சிட்ட மூலையை யாரோ கத்தரித்திருந்தார்கள். பரிசாகக் கொடுக்கும்போது விலையை மறைக்கச் செய்கிற வேலை இது. தயவுசெய்து கத்தரிக்காதீர்கள். கிழிசலுக்கு செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், அந்தப் பசை பழுப்பேறித் தாளைக் கறையாக்கும்.

ரொக்கமாகவா, கடைக் கணக்கிலா, அதாவது அந்தத் தொகைக்கு அங்கேயே புத்தகம் எடுத்துக்கொள்வதா என்று கேட்டார். கணக்கில் வைத்தால் தொகை கூடுதல். அதைப் பார்த்துச் சரியென்று தலையாட்டியதுதான் தப்பு. அதற்குக் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தைப் பிறகுதான் படித்தது: புதுப் புத்தகங்களுக்குச் செல்லாது, ஒவ்வொரு பில்லிலும் பாதிக்குமேல் கழிக்க முடியாது. இந்த இரண்டையும் தலையாட்டுவதற்கு முன் கேளுங்கள்.

அந்தச் சீட்டை வைத்து வாங்கியதில் பெரிய சிக்கல் இல்லை. பக்க விளிம்பில் மார்க்கரால் கோடு போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், விற்காமல் தேங்கியதைத் தள்ளுபடியில் தள்ளியதற்கான அடையாளம் அது. ஆனால் 'நல்ல நிலை' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. பழைய புத்தக வியாபாரத்தில் அதற்கு நன்றாகப் புழங்கியது, படிக்கலாம் என்றுதான் பொருள். படங்களும் மடித்த வரைபடங்களும் முழுதாக இருக்கின்றனவா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

சீட்டில் இன்னும் பாதி மிச்சம். கெடு தேதியும் அதே பின்பக்கத்தில்தான், எல்லாவற்றையும்விடப் பொடி எழுத்தில்.