பதிமூன்றும் பதினான்கும்

அந்தக் கோழிக்கருவை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் காரணம் சொல்வேன். டி.என்.ஏ.வை உள்ளே ஏற்ற மின்துடிப்பு கொடுத்தபோது அதற்கு 14 சோமைட்; கரு வளர வளர முதுகுவாட்டில் ஒவ்வொன்றாகச் சேரும் திசுக்கட்டிகள் இவை. நாங்கள் வைத்திருந்த வரையறை, கோழிக்கருவின் வளர்ச்சியைப் படிபடியாகப் பிரிக்கும் ஹாம்பர்கர்–ஹாமில்டன் அட்டவணையின் 10, 11ஆம் நிலைகள். 11 என்றால் 13 சோமைட், 12 என்றால் 16. பதினான்கு இரண்டிலும் சேராது. 1951இல் அட்டவணை போட்டவர்கள் இடையில் கிடப்பதை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

சரி, ஆனால் நோட்டைப் புரட்டி அந்த எண்ணைத் தேடியது எதனால்? ஜூனியர் அதைத்தான் கேட்டாள்.

“எதிர்பார்த்த இடத்துல மின்னியிருந்தா சோமைட்டைப் பார்த்திருப்பீங்களா அக்கா?”

“பார்த்திருப்பேன்” என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

நாங்கள் சோதித்தது ஒரு என்ஹான்சர்: நடுமூளையில் மரபணுவை இயக்கும், பின்மூளையில் இயக்காது என்று நம்பிய டி.என்.ஏ. துண்டு. அந்த எல்லையில் முன்பக்கம் ஓடிஎக்ஸ்2, பின்பக்கம் ஜிபிஎக்ஸ்2 என்ற இரு புரதங்கள் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு நிற்கும். துண்டு வேலை செய்யும் இடம் பச்சையாக ஒளிரும். மற்றக் கருக்களில் அந்த ஒளி எல்லையிலுள்ள குறுகலோடு நின்றது. இதில் மட்டும் தாண்டிப் பின்மூளைக்குள் போயிருந்தது. டி.என்.ஏ. எங்கெல்லாம் ஏறியது என்று காட்டக் கூடவே ஏற்றிய, சிவப்பாக ஒளிரும் பிளாஸ்மிட் (வளைய டி.என்.ஏ.) எல்லையின் இருபுறமும் சீராகத்தான் இருந்தது. டி.என்.ஏ. தாறுமாறாக ஏறிவிட்டது என்ற சாக்கும் இல்லை.

கோழிக்கருவில் ஒரு சோமைட் உருவாக ஏறக்குறைய 90 நிமிடம். அதற்குள் ஒரு என்ஹான்சரின் போக்கு மாறுமா? மாறலாம். சாக்ஸ்2 மரபணுவுக்கு இடத்துக்கும் நேரத்துக்கும் தனித்தனி என்ஹான்சர்கள் உண்டு என்று ஜப்பானில் கொண்டோ குழுவினர் இதே கோழிக்கருவில்தான் காட்டினார்கள். அப்படியானால் நான் தள்ளிவைத்தது பிழையான கருவா, அடுத்த கட்டத்தின் கருவா? இன்னொரு பக்கம், பிளாஸ்மிட் ஒரு செல்லில் எத்தனை நகல் ஏறும் என்பது நம் கையில் இல்லை. நகல் அதிகமானால் அடக்கும் புரதம் போதாமல், ஒளிரக் கூடாத இடத்திலும் ஒளிரும். இது என் பக்கத்து வாதம். சேர்த்துக்கொண்ட கருக்களுக்கும் இது பொருந்தும் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

எண்ணுவதும் லேசான காரியமில்லை. அடியில் மை செலுத்திப் பார்த்தாலும் தலைப்பக்கத்து முதல் சோமைட் கலங்கலாகவே தெரியும்; கடைசியானது பாதிதான் பிரிந்திருக்கும். ஒருவருக்குப் பதிமூன்று, இன்னொருவருக்குப் பதினான்கு. நோட்டில் 14 என்று எழுதியிருந்தது அவள்தான், ஒளி எதுவும் தெரியாத நேரத்தில். அதனால்தான் அந்த எண்ணை நான் நம்பினேன். அதனால்தான் அவளுக்கு ஆற்றாமையும்.

கட்டுரையில் ‘உரிய நிலையில் இல்லாத கருக்கள் விலக்கப்பட்டன’ என்று ஒரு வரி போட்டேன். அவள் ஓரத்தில் ‘எப்போது?’ என்று குறித்து அனுப்பினாள். ‘முன்பே வகுத்த அளவுகோலின்படி’ என்று சேர்த்தேன். பொய்யில்லை. 10, 11 என்று முன்பேதான் வகுத்திருந்தோம். பதினான்கு எந்தப் பக்கம் என்பதைத்தான் படத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்தேன்.