வாயில் நுழையும் பெயர்

மகளுக்கு விடிவெள்ளிமகிழ்நங்கை என்று பெயர் வைக்கப்போகிறோம் என்றதும் ஸ்டுட்கார்ட் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஜெர்மன்காரன் வாயில் நுழையுமா?" இரண்டாவது கேள்வி, "ரெண்டெழுத்தில் மாயா, லீனான்னு வச்சுட்டுப் போறதுதானே?" கேட்டவர்களில் ஒருவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு மாயா இருக்கிறாள். அவள் வகுப்பில் இன்னும் இரண்டு மாயாக்கள்.

பெயரில் வெட்டிப் பெருமை எதுவும் இல்லை. விடியற்காலையில் பிறந்தாள், அதனால் விடிவெள்ளி. நீண்ட நாள் காத்திருந்து கிடைத்த பிள்ளை, அதனால் மகிழ். நங்கை என் பாட்டி பெயரின் பின்பாதி. மூன்றில் எதை விடுவது என்று இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, மூன்றையும் சேர்த்துவிட்டோம். ஆங்கில எழுத்தில் 21 வந்தது.

இந்த ஊரில் பெயரைப் பெற்றோர் தம் இஷ்டத்துக்கு வைத்துவிட முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அது பாதி உண்மை. அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் என்று ஜெர்மனியில் எதுவும் கிடையாது. ஆனால் பிறப்பைப் பதிகிற ஷ்டாண்டஸ்அம்ட் அலுவலர், பிள்ளைக்குக் கேடு விளைவிக்கும் என்று பட்டால் மறுக்கலாம். அவருக்குச் சந்தேகம் வந்தால் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனை மையம் போன்ற இடத்தில் காசு கட்டி, இது பெயர்தான் என்று ஒரு சான்று வாங்கிக் கொடுக்கவேண்டி வரும். பெயருக்கு என்று ஒரு பல்கலைக்கழகப் பிரிவு இருப்பதே எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்று, முன்பெல்லாம் பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியவேண்டும் என்பார்கள். தெரியாவிட்டால் தெளிவான இரண்டாம் பெயர் ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். அந்த வழக்கத்தை முடித்துவைத்தது ஓர் இந்தியப் பெயர். பெண் குழந்தைக்குக் கிரண் என்று மட்டும் பெயர் வைக்க ஒரு குடும்பம் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. பெயர் பாலினத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை என்று 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதே நீதிமன்றம்தான் 2004-ல் ஒரு தாய் மகனுக்குப் பன்னிரண்டு பெயர் கேட்டபோது, ஐந்தோடு நிறுத்தியது சரி என்றது. ஆக, எத்தனை பெயர் என்பதில் கண்டிப்பு. ஒரே பெயர் எவ்வளவு நீளம் என்பதில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறப்பை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் அதற்கு மட்டும் ஒரு மாதம் தவணை உண்டு. இதை ஊரில் சொன்னபோது மாமனாருக்கு ஒரே நிம்மதி. நிம்மதிக்குக் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. அவரும் ஒரு பெயர் யோசித்துக்கொண்டிருந்தார். முன்னால் 'செந்தமிழ்' வரவேண்டுமாம்.

அங்கேதான் என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இயந்திரம் படிக்க இரண்டு வரி இருக்குமே, அதில் முதல் வரியில் 44 இடம். வகை, நாட்டுக் குறியீடு எல்லாம் போகப் பெயருக்கு மிஞ்சுவது 39. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் இதே அளவுதான். குடும்பப்பெயர் 9 எழுத்து, நடுவே பிரிக்கும் குறி 2, மகள் பெயர் 21, மொத்தம் 32. செந்தமிழைச் சேர்த்தால் 42, வால் அறுந்துவிடும். "நங்கை பாதியில் நிக்கும்ப்பா, பரவாயில்லையா?" என்று வீடியோ அழைப்பில் கேட்டார். மாமனார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, அதிலேயே தமிழ் இருக்குதானே" என்றார்.

அந்த 9 எழுத்துக் குடும்பப்பெயர் அவர் பெயர்தான். உண்மையான தலைவலி அதில்தான் இருந்தது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவர் அப்பா பெயர், என்னுடையதில் என் அப்பா பெயர். அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இருவருக்கும் பொதுவான பெயர் எது என்றார். இல்லை என்றோம். உங்கள் அப்பாவுக்குக் குடும்பப்பெயர் என்ன என்றார். அவருக்கு அவர் அப்பா பெயர் என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விடிவெள்ளிமகிழ்நங்கையைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "இதில் எத்தனை ஐ?" ஐந்து என்றேன். எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். குடும்பப்பெயருக்குத்தான் மறுபடி மறுபடி அலைந்தோம். கடைசியில் மகளுக்கும் தாத்தா பெயரே குடும்பப்பெயர் ஆனது.

இதன் விளைவு தபால்பெட்டியில் தெரிந்தது. இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டு எண் இருக்காது. அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் பெயர்தான் முகவரி. பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். மகளுக்குக் கடிதம் வருமா என்று கேட்கிறீர்களா? ஜெர்மனியில் பிறந்த குழந்தைக்கு முதலில் வருகிற கடிதங்களில் ஒன்று வரித்துறையிடமிருந்து. 11 இலக்க வரி அடையாள எண். கழுத்து நிற்காத பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதற்குமான எண். அப்புறம் காப்பீட்டுக் கடிதம் ஒன்று வந்தது, ஃப்ராவ் என்று போட்டு மாமனார் பெயர். அதாவது திருமதி மாமனார். படம் எடுத்து அவருக்கு அனுப்பினோம். தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார்.

நீளம் தொல்லை தரவில்லை என்றேன். எழுத்துகள் தந்தன. ஜெர்மனில் வி என்ற எழுத்தைப் பல சொற்களில் ஃப் என்பார்கள், இசட்டை ட்ஸ் என்பார்கள். குழந்தை மருத்துவரிடம் முதல்முறை போனபோது, மஞ்சள் நிறப் பரிசோதனைக் கையேட்டின் அட்டையைப் பார்த்து வரவேற்பிலிருந்த பெண் மூச்சை இழுத்துக்கொண்டு "ஃபிடிஃபெல்லிமாகிட்ஸ்நங்காய்" என்று கூப்பிட்டார். கடைசியில் காய் ஆகிவிட்டாளே என்று நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வி-க்குப் பதில் டபிள்யூ போட்டிருந்தால் இங்கே சரியாகப் படிப்பார்கள் என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். ஊரில் அதைப் பார்த்தால் எழுத்துப்பிழை என்பார்கள் என்பது என் கட்சி.

தொலைபேசியில் வேறு கதை. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல இங்கே ஒரு வாய்ப்பாடு உண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு பெயர். விக்டோர், ஈடா, டோரா, ஈடா, விக்டோர், எமில், லுட்விக், லுட்விக் என்று ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி போகும். ஈடா மட்டும் ஐந்து தடவை வருவாள். அந்த வாய்ப்பாட்டைப் பற்றித் தேடிப் படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. டோரா இருந்த இடத்தில் முன்பு டாவிட் இருந்தான். நோர்ட்போல், அதாவது வடதுருவம் என்று நான் சொல்கிற எழுத்துக்கு நாதன் இருந்தான். இசட்டுக்குச் செப்பெலின் வந்த இடம் சகரியாவுடையது. யூதப் பெயர்கள் என்று 1934-ல் நாஜிகள் அவற்றை எடுத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு சகரியா திரும்பி வந்தான், நாதன் வரவே இல்லை. 2022-ல் ஆட்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களை வைத்துப் புது வாய்ப்பாடு போட்டார்கள். ஆனாலும் தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் பழையதைத்தான் சொல்கிறார். நானும் அதைத்தான் சொல்கிறேன். என் மகள் பெயரை ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் அந்த மூன்று இடத்தையும் கடந்தாக வேண்டும்.

கீட்டாவில், அதாவது மழலையர் காப்பகத்தில் சேர்க்கும் படிவத்தில் ரூஃப்நாமே என்று ஒரு கட்டம். கூப்பிடும் பெயர். பல பெயர் வைத்திருப்பவர்கள் அதில் ஒன்றை எழுதுவார்கள். எங்களிடம் இருப்பதே ஒன்றுதான். வீட்டில் மகிழ் என்றுதான் கூப்பிடுகிறோம், அதை எழுதப் போனேன். அங்கிருந்த ஆசிரியை தடுத்தார். முழுப்பெயரையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னார். "எங்கே வெட்டவேண்டும்?" என்று பென்சிலைக் கொடுத்தார். மூன்று துண்டாகக் கோடு போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டுக் கீழே குறித்துக்கொண்டார். மறுநாள் போனால், மகளின் மேலங்கி மாட்டும் கொக்கியில் நத்தைப் படத்துக்குக் கீழே அந்தப் பெயர், மூன்று துண்டும் மூன்று நிறத்தில். காப்பீட்டு அட்டைக்கே இருபத்தைந்து எழுத்தை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறவர்கள் இவர்கள். ஒட்டு எங்கே என்று தெரிந்துவிட்டால் போதும், எந்த நீளத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். மாயா, லீனா என்று சுருக்கச் சொன்ன நண்பர்களுக்குத்தான் இன்னும் என் மகளின் முழுப்பெயர் தடுமாறுகிறது.

கூட இருக்கும் பிள்ளைகள் மட்டும் யாரையும் கேட்காமல் ஃபிடி ஆக்கிவிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். இருக்கட்டும்.

இப்போது வீட்டில் அடுத்தது வரப்போகிறது. குடும்பப்பெயருக்கும் குறிக்கும் போக 28 எழுத்து கையில் இருக்கிறது என்று வீட்டுக்காரர் கணக்கை முடித்துவிட்டார். மாமனாருக்கு அந்த எண்ணை இன்னும் சொல்லவில்லை.