நடு அறைக்கு ஒரு மாணவி

6 செப்டம்பர் 2025, சனி

மகன் ஜோகூர் பாருவுக்கு மாற்றலாகிப் போன பிறகு நடு அறையில் துணிதான் காய்கிறது. கோலாலம்பூர் கெரிஞ்சியில், எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிற அறையில் துணி காயவைப்பது பாவம் என்று மேல்மாடி மக்சிக் (மலாய்க்கார அம்மா) சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று வீட்டுத் தரகரைக் கூப்பிட்டேன். வந்தவர் ஜன்னலைத் திறந்து மூடினார், ஏர்கோனைப் போட்டுக் கையை நீட்டிப் பார்த்தார், தரையை ஒரு தரம் காலால் தேய்த்தார். "850 கேளுங்கள் ஆன்ட்டி. அந்தப் பக்கத்துக் கோபுரங்களில் இதற்கே ஆயிரம்" என்றார்.

முன்பணமும் வழக்கம்போல வாங்கச் சொன்னார்: இரண்டு மாத வாடகை காப்புப் பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், நுழையும்போதே முதல் மாத வாடகை. அவர் போன பிறகு கூட்டிப் பார்த்தேன். 2,975 வெள்ளி, அதாவது ரிங்கிட். வெள்ளிக்கு இருபது ரூபாய் என்று வைத்தாலும் ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாய். விமானத்திலிருந்து இறங்கிய வாரத்திலேயே ஒரு மாணவி இதை எடுத்து வைக்க வேண்டும். கல்லூரிக் கட்டணம், விசா, காப்புறுதி எல்லாம் கட்டி முடித்த கையோடு.

வீட்டு வாடகைக்கென்று இந்த நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. வருகிறது, வருகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். அதுவரை முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பது தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான்.

10 செப்டம்பர், புதன்

தெரிந்தவர் மூலமாக ஒரு பெண் தஞ்சாவூரிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசினாள். மலாயா பல்கலைக்கழகத்தில் முதுகலை. விடுதியில் இன்னொருவரோடு அறையைப் பகிர வேண்டும் என்பதால் வெளியே தேடுகிறாளாம். குரல் மெதுவாக இருந்தது, கேள்விகள் அப்படி இல்லை. "ஆன்ட்டி, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?" என்று முதலில் கேட்டாள். இங்கே குழாயைத் திறந்தால் வரும், பழுது பார்க்கிற நாள்களில் மட்டும் வராது என்றேன்.

அவள் இதுவரை பார்த்த அறை விளம்பரங்களில் சிலவற்றை அனுப்பினாள். ஒன்றில் "சீனர் மட்டும்". இன்னொன்றில் "இந்தியர் வேண்டாம்", அதற்குக் கீழேயே சிரிக்கிற முகம். "இது சட்டப்படி சரியா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். தடுக்கிற சட்டம் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

இங்கேயே பிறந்து, இங்கேயே வரி கட்டி, அரசு மருத்துவமனையில் தாதியாக இராப்பகல் நின்ற எனக்கும் இது புதிதல்ல. திருமணமான புதிதில் நானும் அவரும் வீடு தேடியபோது, தொலைபேசியில் என் மலாயைக் கேட்டு "வாருங்கள்" என்றவர்கள் வாசலில் முகத்தைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்காக நம்மவர்கள் யோக்கியம் என்றும் எழுத மாட்டேன். "ஆப்பிரிக்க மாணவர்களுக்குத் தர மாட்டோம்" என்று சொல்கிற தமிழ் வீட்டுக்காரர்களை இந்தக் கட்டடத்திலேயே எனக்குத் தெரியும். கோவிலில் பக்கத்தில் நின்று திருநீறு வாங்குகிறவர்கள்தான்.

13 செப்டம்பர், சனி

நகரத்துக்கு வெளியே காஜாங்கில் 380 வெள்ளிக்கு ஓர் அறை இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அறையை எனக்கே தர வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை, கணக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். காஜாங்கிலிருந்து எம்ஆர்டி ரயில், மூசியம் நெகாராவில் இறங்கிப் பாலம் கடந்து கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டி, பிறகு வளாகத்துக்கு இணைப்புப் பஸ். போக வர நாளுக்கு எட்டு ஒன்பது வெள்ளியாவது ஆகும். மாதத்தில் இருபத்திரண்டு நாள் போனால் 380 என்பது 550க்கு மேல் வந்து நிற்கும். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் வேறு.

"மாதம் 50 வெள்ளிக்கு ஒரு பாஸ் இருக்கிறதாமே?" என்றாள். இருக்கிறது. ரேபிட் கேஎல் ரயில், பஸ் எல்லாவற்றிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம். ஆனால் குடிமக்களுக்கு மட்டும். நீல அடையாள அட்டை இல்லாதவருக்குக் கிடையாது. ஊரிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகள் இந்த ஐம்பதை எழுதிவிட்டுத்தான் வருகிறார்கள்.

20 செப்டம்பர், சனி

அறை அவளுக்குத்தான். 600 வெள்ளி, ஒரு மாத முன்பணம், மின்சாரத்துக்கு 200. தரகருக்கு இதில் கோபம். "பிறகு அழாதீர்கள்" என்றார். இரண்டு மாத முன்பணம் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு ஓடிய வாடகைக்காரரைப் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒப்பந்தம் எழுதினோம். நான்கு பக்கம். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது; பல வீட்டுக்காரர்கள் மாணவர்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. முன்பு 2,400 வெள்ளி வரை விலக்கு இருந்தது, இந்த ஆண்டு அதை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு 29 வெள்ளி வந்தது. மகன் ஜோகூரிலிருந்தே இணையத்தில் கட்டினான். பாதி அவள், பாதி நான்.

27 செப்டம்பர், சனி

வந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். பெட்டியில் பாதி புளியும் மிளகாய்த் தூளும். பிரிக்ஃபீல்ட்ஸ் இந்தியர் கடைகளில் இதெல்லாம் கிடைக்கும் என்று சொன்னால் அவள் அம்மா நம்பவில்லையாம்.

குளித்துச் சாப்பிட்டதும் அறையைச் சுற்றிப் படம் எடுக்கச் சொன்னேன். கட்டிலின் தலைமாட்டில் மகன் பள்ளி நாள்களில் ஒட்டிப் பிய்த்த ஸ்டிக்கரின் பசைத் தழும்பு, ஜன்னல் கம்பியில் துரு, அலமாரியின் இடது கதவு கொஞ்சம் இறங்கியிருப்பது, கழிவறை ஓட்டில் ஒரு கீறல். ஒவ்வொன்றையும் படம் எடுத்து எனக்கும் அனுப்பு என்றேன். சங்கடப்பட்டாள். நோயாளி வார்டுக்குள் வரும்போதே உடம்பில் என்னென்ன காயம் இருக்கிறது என்று குறித்துவைப்போம், பிறகு யார் மீதும் பழி வராது, அதைப்போலத்தான் என்றேன். ஏர்கோனுக்கு மட்டும் எலக்ட்ரிஷியன் ஒரு தனி மீட்டர் பொருத்தியிருக்கிறார். அதன் எண்ணை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து, பிளாஸ்திரியில் எழுதி, மீட்டருக்குக் கீழே ஒட்டினோம். எல்லா வேலைக்கும் எனக்குப் பிளாஸ்திரிதான்.

வந்து ஏழு நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை முடிக்க வேண்டும். அதை நான் நினைவூட்டத் தேவையே இருக்கவில்லை, ஏற்கெனவே நேரம் குறித்துவைத்திருக்கிறாள்.

30 செப்டம்பர், செவ்வாய்

இன்று முதல் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மற்றவர்களுக்கு 2 வெள்ளி 60 காசு. பெட்ரோல் நிலையத்தில் அடையாள அட்டையைச் செருக எல்லோரும் வரிசையில் நின்றார்கள். என்னோடு வந்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு, அதுவும் குடிமக்களுக்குத்தான். அரசாங்கம் தன் மக்களுக்குக் கொடுக்கிற மானியத்தை வெளிநாட்டவருக்குத் தர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோலாலம்பூர் மலிவான ஊர் என்று சொல்கிறவர் எந்த அட்டையை வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நான் வாங்கி வந்த எண்ணெயில் சுட்ட தோசையை அவள் சாப்பிட்டால் எந்த அதிகாரி வந்து கேட்கப்போகிறார் என்பது வேறு விஷயம்.

5 அக்டோபர், ஞாயிறு

வங்கிக் கணக்குக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வேண்டுமாம். அலைகிறாள். இன்று மழை, நான் எங்கும் போகவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

அவள் வகுப்பில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி மத்தியானம் வந்தாள். ஒரு கொண்டோவில் 500 வெள்ளி அறை. நீச்சல் குளம் இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அடுப்பு மட்டும் கூடாது. விளம்பரத்தில் எளிய சமையல் அனுமதி என்று போட்டிருந்தார்களாம். எளிய சமையல் என்றால் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து மெகி நூடுல்ஸ் போடுவது என்று குடியேறிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. ஒருநாள் கடுகு தாளித்ததற்கு உடன் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு பேரையும் உட்காரவைத்து எழுதச் சொன்னேன். காலையில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும், மத்தியானம் வளாகத்து உணவகத்தில் சோறு, கோழி, ஒரு காய், இரவில் மறுபடியும் வெளியே ஏதாவது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நாளுக்கு இருபது வெள்ளி. மாதம் 600. 2023இல் அரசாங்கம் கொண்டுவந்த ஐந்து வெள்ளி ரஹ்மா உணவு சில கடைகளில் இன்னும் இருக்கிறது, மூன்று வேளையும் அதையே தேடிக்கொண்டு போக முடியாது. என் வீட்டுப் பெண் சமைக்கிறாள். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. கிடைக்கிற நாளில் வாங்கிவைக்க வேண்டும், சில வாரம் கடையில் இருக்காது. பொன்னி வேண்டுமென்றால் விலை வேறு. பருப்பு, வியாழக்கிழமை இரவுச் சந்தையில் காய்கறி, முட்டை, தயிர், வாரத்தில் இரண்டு நாள் வெளியே சாப்பாடு என்று எல்லாம் சேர்ந்து 300க்குள் நிற்கிறது.

ஆக, யாழ்ப்பாணத்துப் பெண்ணின் 500 வெள்ளி அறைதான் எங்கள் அறையைவிட விலை அதிகம். மாதம் 200 வெள்ளி அதிகம். அறை தேடுகிற பிள்ளைகள் ஜன்னலையும் மெத்தையையும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் அடுப்பங்கரைக்குப் போய் அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். பளபளவென்று இருந்தால் அந்த வீட்டில் யாரும் சமைப்பதில்லை, சமைக்கவும் விடமாட்டார்கள்.

அந்தப் பெண் இரண்டு தட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மகன் குடும்பத்தோடு வந்திருந்தான், வீடு நிறைந்துவிட்டது. மக்சிக் கேத்துப்பாட் (ஓலையில் பொதிந்து வேகவைத்த சோறு) கொண்டுவந்து கொடுத்து முறுக்கு வாங்கிப்போனார். சாயங்காலம் வந்த உறவினர் ஒருவர் உணவகம் வைத்திருக்கிறார். தஞ்சாவூர்ப் பெண்ணைப் பார்த்து, "சனி ஞாயிறு வந்து கல்லாவில் உட்காரம்மா, மணிக்கு பத்து வெள்ளி தருகிறேன்" என்றார். அவள் முகம் மலர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

மாணவர் விசாவில் வருகிறவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வேலை செய்யக்கூடாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை, அதுவும் பல்கலைக்கழகம் மூலமாகக் குடிநுழைவுத் துறையில் அனுமதி வாங்கிய பிறகு. உணவகத்தில் வேலை செய்யலாம், கல்லாவில் உட்காரவே கூடாது. இதை அவர் முன்னாலேயே சொன்னேன். "யார் பார்க்கப்போகிறார்கள் அக்கா" என்றார். சோதனைக்கு ஆள் வந்தால் அவருக்கு அபராதம், இவளுக்குப் படிப்பே போகும். பகுதிநேர வேலையை நம்பி இங்கே படிக்க வரலாம் என்று ஊரில் சொல்லி அனுப்புகிற ஏஜென்ட்டுகளை நேரில் பார்த்தால் நன்றாகக் கேட்பேன்.

அவர் முறுக்கு எடுத்துக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார். அடுத்த தீபாவளிக்கு வருவார்.

2 நவம்பர், ஞாயிறு

மின்கட்டணம் வந்தது. ஜூலையிலிருந்து கட்டண முறை மாறிவிட்டது. மாதம் 600 யூனிட்டுக்குள் இருந்தால் 'ரீடெய்ல் சார்ஜ்' என்கிற 10 வெள்ளி மாதக் கட்டணம் கிடையாது, குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குத் தள்ளுபடியும் உண்டு, பயன்பாடு கூடக் கூடத் தள்ளுபடி குறையும். அறைக்கு ஓர் ஏர்கோன் வைத்து நான்கு மாணவர்களைக் குடிவைத்த வீடுகளில் இந்த 600 எல்லாம் எந்த மூலைக்கு? எங்களுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான்.

பிளாஸ்திரியில் எழுதிய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்தோம். 96 யூனிட். யூனிட்டுக்கு 45 காசு என்று 43 வெள்ளி 20 காசு வாங்கிக்கொண்டேன். இரவு பதினொன்றுக்குப் போட்டு மூன்றுக்கு அணைத்துவிட்டு மின்விசிறியில் தூங்குகிறாளாம். மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். பக்கத்துக் கட்டடத்தில் யூனிட்டுக்கு ஒரு வெள்ளி வாங்குகிறார்கள், அட்டையில் பணம் ஏற்றினால்தான் ஏர்கோன் ஓடும். கேட்பார் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அந்தக் கொண்டோ போதும் போதும் என்றாகிவிட்டது. முன்பணம் திரும்புமா என்பது அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கிற இழுபறி, ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். மக்சிக்கிடம் ஓர் அறை காலியாக இருப்பது நினைவுக்கு வந்து மேலே போய்ப் பேசினேன். சமையல் பற்றித்தான் முதலில் கேட்டேன். "பன்றி இறைச்சி மட்டும் வேண்டாம் மிஸ்ஸி. மற்றபடி கருவாடு பொரித்தாலும் எனக்குக் கவலையில்லை, நானே பொரிப்பவள்தான்" என்றார். 550 வெள்ளி, மின்விசிறி மட்டும், ஒரு மாத முன்பணம். நாளை வகுப்பு முடிந்து ஐந்து மணிக்கு அறையைப் பார்க்க வருகிறாள்.