பாட்டின் கீழ்ப்பாதியைக் கேட்கப் போனேன்

எட்டு வருடங்களாக ஹார்ட்ஸ்டைல் என்னும் வேகமான மின்னணு நடன இசையைக் கேட்கிறேன். ஹார்ட்கோர், கேபர், ஹார்ட் டெக்னோ என்று அந்தக் குடும்பத்தில் எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் கேட்டதெல்லாம் கைபேசியிலும் இயர்போனிலும்தான். கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளுக்கு ஏறக்குறைய ஊமை. இந்த இசையின் உயிரோ 50 ஹேர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. இயர்போனில் அது கேட்கும். கேட்டுக் காதோடு நின்றுவிடும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அதை உடம்பால் கேட்க வழி இருக்கவில்லை.

ஆகவே, கொழும்பில் ஹார்ட் டெக்னோவும் ஹார்ட்ஸ்டைலும் வாசிக்கும் ஒரு டிஜே ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் பொத்துவிலுக்கு அருகே உள்ள கடற்கரை ஊரான அறுகம்பைக்கு வருகிறார் என்று தெரிந்ததும், அன்றைக்கே கடையில் விடுமுறை சொல்லிவிட்டேன். கடை என்பது என் மாமாவின் ஒலிபெருக்கி வாடகைக் கடை. கோயில் திருவிழா, கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் பொக்ஸ் ஏற்றி இறக்கித்தான் நான் வளர்ந்தேன்.

அந்த டிஜேயின் செட்டுகளை, அதாவது பாட்டுகளை இடைவிடாமல் கோத்து வாசிக்கும் தொகுப்புகளை, இரண்டு வருடங்களாகப் பின்தொடர்கிறேன். மாதம் ஒன்று இணையத்தில் ஏற்றுவார், ஒரு மணி நேரம். பாட்டுகளின் பட்டியல் இருக்காது. பிடித்த பாட்டு எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று கொப்பியில் குறித்துவைத்து, பிறகு வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் புதிய பாட்டுகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பேன். வெளிவராத பாட்டை இந்த உலகத்தில் ‘ஐடி’ என்பார்கள். என் கொப்பியில் பெயர் தெரியாமல் நிற்கும் ஐடிகளே அதிகம். ஜூன் கடைசியில் நெதர்லாந்தில் டெஃப்கான்.1 நடக்கும் நாட்களில் நான் தூங்குவதில்லை. 2003இல் தொடங்கிய ஹார்ட்ஸ்டைல் விழா அது. அங்கே இரவு பதினொரு மணியென்றால் இங்கே அதிகாலை இரண்டரை. டேட்டா தீரும்வரை பார்ப்பேன்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் பொத்துவில் பஸ் ஏறினேன். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது வழக்கம்போல வாவியைப் பார்த்தேன். அதில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைக் கேட்பதற்காகத் துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறு முனையில் காதை வைத்துக் கேட்பார்கள். சிறுவயதில் மாமா ஒருமுறை என்னைத் தோணியில் கூட்டிப்போய் அப்படிக் கேட்க வைத்தார். மீனின் ஒலி எனக்கு நினைவில்லை. மரம் கன்னத்தெலும்பில் அதிர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

களுவாஞ்சிக்குடி, கல்முனை, நிந்தவூர் எல்லாம் வெயிலோடும் நெரிசலோடும் கழிந்தன. அக்கரைப்பற்றுக்கு அப்பால்தான் வெளி திறந்தது. சிறுபோக அறுவடைக் காலம். வீதியோரமெங்கும் நெல் காய்ந்தது. கச்சான் காற்று வைக்கோல் தூசியை யன்னல் வழியாக உள்ளே கொட்டியது. திருக்கோவிலும் கோமாரியும் கடந்து பொத்துவிலில் இறங்கியபோது மாலை நாலரை. அறுகம்பைப் பகுதியான உல்லையில் ஒரு சின்ன அறை எடுத்துக் குளித்துவிட்டு, ரொட்டிக் கடையொன்றில் கொத்து சாப்பிட்டேன்.

இரவு பத்து மணிக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டிவந்த நானா அலைச்சறுக்குக் காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் திடீரென்று அவரே பேச்சை நிறுத்தி, “தம்பி, கேட்கிறதா?” என்றார். பாட்டு கேட்கவில்லை, மெட்டு கேட்கவில்லை. மனிதக் குரலும் இல்லை. தூரத்தில் ‘தம், தம், தம்’ மட்டும். தாழ்ந்த ஒலியைக் காற்றும் சுவரும் அதிகம் தின்பதில்லை. மேலே உள்ளதெல்லாம் வழியில் உதிர்ந்துவிட, கீழே உள்ளது மட்டும் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தது. கைபேசி எட்டு வருடங்களாக எனக்குத் தராத அந்தப் பாதி இருட்டுக்குள்ளிருந்து தனியாக வந்து கேட்டபோது, ஆட்டோவுக்குள் என் கை மயிர் சிலிர்த்துவிட்டது.

டிக்கெட் மூவாயிரம் ரூபாய். கடற்கரையில் தென்னங்கிடுகுக் கூரை, அதன் இரு பக்கமும் பொக்ஸ் அடுக்கு. நான் முதலில் எண்ணியது ஆட்களை அல்ல, பொக்ஸ்களை. பக்கத்துக்கு நான்கு 18 அங்குல பேஸ் பொக்ஸ், மேலே இரண்டு நடுத்தர அடுக்கு. நல்ல அடுக்குத்தான். முதல் மூன்று மணி நேரம் ஹவுஸும் சைட்ரான்ஸும் போயின. அவற்றைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இப்படியான இடங்களுக்குப் போகிறவர்கள் காதடைப்பான் வாங்கிக்கொண்டு போங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்றால், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் பாதுகாப்பு என்பது தொழிற் பாதுகாப்புக் கணக்கு. குழாய் ஸ்பீக்கருக்கு அருகிலேயே முப்பது வருடம் வேலைசெய்த மாமாவுக்கு வலக்காது மந்தம். பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் போட்டால் காதில் பேஸ் கொஞ்சம் குறையும். ஆனால் உடம்பில் குறையாது.

ஒரு மணி கடந்ததும் அந்த டிஜே வந்து நின்றார். கறுப்புச் சட்டை, இறுக்கிக் கட்டிய கூந்தல். முந்தைய டிஜேயின் கடைசிப் பாட்டை மெதுவாக வடித்து, அரை நிமிடம் வெறும் இரைச்சலை மட்டும் ஓடவிட்டார். பிறகு முதல் கிக், அதாவது தாழ்ந்த டிரம் அடி, விழுந்தது.

நிமிடத்துக்கு 150 அடி. இரண்டு அடிகளுக்கு நடுவில் 0.4 செக்கன்தான். இந்த இசையை வேகம் என்றே நான் இதுவரை நினைத்திருந்தேன். பொக்ஸுக்கு மூன்று அடி தள்ளி நின்றபோது வேறொன்று புரிந்தது. ஹார்ட்ஸ்டைல் கிக்குக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை என்பது ‘டக்’ என்று வெட்டும் முனை. கைபேசியில் நான் கேட்டுவந்தது அதை மட்டும்தான். வால் என்பது அதன்பின் இழுபடும் தாழ்ந்த சுரம். தயாரிப்பாளர்கள் அந்த வாலைப் பாட்டின் சுருதிக்கே கூட்டுகிறார்கள். மெட்டு மாறும்போது கிக்கும் இறங்கி ஏறுகிறது. எனக்கு மனப்பாடமான ஒரு பாட்டில், நான் வெறும் தட்டல் என்று எண்ணியிருந்த இடத்தில், கிக்குகளே மெட்டை வாசித்துக்கொண்டிருந்தன! வயிற்றில் ஒரு சுரம், அடுத்து அதற்குக் கீழே ஒன்று, பிறகு விலாவுக்குள் ஒன்று. கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் நீரின் மேல் மெல்லிய வட்டங்கள் எழுந்தன. சுரம் மாறியபோது வட்டங்களின் நெருக்கமும் மாறியது. சட்டையின் முன்பக்கம் காற்றில்லாமலே ஆடியது.

இந்த அடியின் மூலம் ஒரு பழைய டிரம் இயந்திரம். ரோலண்ட் கம்பனி 1983இல் வெளியிட்ட டிஆர்-909. இரண்டு மூன்று வருடங்களிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கைவிடப்பட்ட அந்த இயந்திரத்தின் கிக்கை மிக்சரில் அளவுக்கு மேல் ஏற்றி, ஒலி உடைந்து உறுமும்வரை முறுக்கியவர்கள் 1990களின் தொடக்கத்தில் ரொட்டர்டாமிலும் பிராங்ஃபர்ட்டிலும் இருந்த இளைஞர்கள். ஒலி உடைந்தால் அது பிழை என்றுதான் மாமா எனக்குக் கற்றுத்தந்திருக்கிறார். அந்தப் பிழையைப் பொறுமையோடு செதுக்கி ஓர் இசையாகவே ஆக்கிவிட்டார்கள்.

இடையில் டிஜே பாலித் தீவின் ‘கேபர் மோடஸ் ஒப்பராண்டி’ இருவரின் பாட்டொன்றை விட்டார். சாவகத்தில் (ஜாவாவில்) சாமியாடும் குதிரையாட்டமான ஜதிலானின் தாளத்தையும் கேபரையும் ஒன்றாக்கியவர்கள் அவர்கள். எனக்கு வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் கண்ணகி அம்மன் வாசலில் உடுக்கு உச்சத்துக்குப் போகும் நேரம் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். உடுக்கு ஆடுகிறவரைப் பார்த்து வேகம் கூட்டும், அவர் தளர்ந்தால் தானும் இறங்கும். இயந்திரம் யாரையும் பார்ப்பதில்லை. 150 என்றால் 150தான். அன்று அந்த இயந்திரத்துக்குப் பதிலாக ஆடுகிறவர்களைப் பார்த்தவர் டிஜே. முன்வரிசை களைத்தபோது கிக்கை எடுத்துவிட்டு எட்டு மாத்திரை மூச்சு விடவைத்து, அதன் பிறகே திரும்பப் போட்டார். செட்டுகளை வீட்டிலிருந்து கேட்டபோது அந்த வெற்றிடங்களின் காரணம் எனக்கு விளங்கியதில்லை.

மூன்று மணிவரை என்று சொல்லப்பட்டிருந்தது. இரண்டு மணிக்கு முன்பே ஒலியைக் குறைக்கச் சொல்லி ஆள் வந்தது. முதலில் பேஸைத்தான் இறக்கினார்கள். மெட்டு அப்படியே ஓடியது. என் கைபேசியில் கேட்பதுபோலவே ஆகிவிட்டது. சுற்றியிருந்த சிலர் கூச்சலிட்டார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் கூச்சலிட மனம் வரவில்லை. பிரித்தானியாவில் 1992இல் காசில்மோர்ட்டன் வெளியில் ஒரு வாரம் நடந்த ரேவ் என்னும் திறந்தவெளி நடன விழாவுக்குப் பிறகு, 1994இல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தையே பெயர் சொல்லிச் சட்டம் போட்டார்கள். அது இசையின் மீது போட்ட சட்டம். இங்கே கேள்வி தூக்கத்தைப் பற்றியது. ஒரு கிலோமீட்டர் நடந்து எனக்கு வந்த அந்த அடி, விடியுமுன் படகு தள்ள வேண்டியவர்களின் தலையணைக்கும் போயிருக்கும். ஹார்ட் செட்டைப் பத்து மணிக்கே போட்டிருந்தால் இரு தரப்புக்கும் நன்றாக இருந்திருக்கும். ஒழுங்குசெய்கிறவர்கள் கடுமையான இசையை எப்போதும் கடைசிக்கே தள்ளுகிறார்கள். ஆகவே வெட்டுப்படுவதும் அதுதான்.

டிஜே இறங்கிவந்ததும் போய்ப் பேசினேன். கொப்பியில் குறித்திருந்த நேரங்களைக் காட்டினேன். கைபேசி வெளிச்சத்தில் முழுப் பக்கத்தையும் வாசித்து, பேனா கேட்டு வாங்கி, ஏழு ஐடிகளில் நாலுக்குப் பெயர் எழுதித் தந்தார். மற்ற மூன்றும் அவருடைய சொந்தப் பாட்டுகளாம், இன்னும் முடியவில்லையாம்.

ஞாயிறு மாலை கடைக்குப் போனேன். மாமா கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பொக்ஸ் மருமகன்?” என்பதுதான். சொன்னேன். கிக்கின் வாலைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்துபோய் மூலையிலிருந்த 18 அங்குல பொக்ஸ் ஒன்றின் மேலிருந்த வயர்ச் சுருளை இறக்கி வைத்தார். அம்ப்பில் என் கைபேசியைச் செருகி, குறைந்த சத்தத்தில் ஒரு பாட்டைப் போட்டேன். மாமா மந்தமான வலக்காதைப் பொக்ஸின் மரத்தோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடினார். சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு, ஒரு விரலை மெல்லக் கீழிறக்கி, பிறகு மேலேற்றி, கிக்கின் சுரத்தை எனக்குக் காட்டினார்.