நான் தினமும் நடக்குற தெருவுல 1349-ல ஒளிச்சு வெச்ச நகை

வீட்டுக்காரருக்கு வேலை ஜெர்மனியில யேனாங்கற ஊர்ல, அங்க வீடு கிடைக்கறது குதிரைக்கொம்பா இருந்ததால பக்கத்து ஊரான எர்ஃபுர்ட்ல குடி வந்தோம், ட்ரெயின்ல அரை மணி நேரம்தான். வந்த புதுசுல எனக்கு இந்த ஊரு ஒரு அழகான பழைய ஊரு, அவ்வளவுதான். கெரா ஆத்து மேல ரெண்டு பக்கமும் வீடு கட்டியிருக்கற கிரேமர் பாலம், பெரிய சர்ச், கல்லு பதிச்ச சந்துங்க. அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டுவேன், சூப்பர்டின்னு சொல்லுவாங்க, முடிஞ்சுது. இந்த ஊருல யாரு இருந்தாங்க, என்ன நடந்துச்சுன்னு யோசிச்சதே இல்ல. ஜெர்மன் கிளாஸ், ஆபீஸ் லெட்டர், குளிரு, இதுலயே பொழுது போயிரும்.

மாத்துனது எங்க ஜெர்மன் டீச்சரம்மாதான். ஒரு நாள் கிளாஸ் முழுக்க கூட்டிட்டு பழைய சினகாக் மியூசியத்துக்குப் போனாங்க. யூதர்களோட ஜெபக்கூடம், மீன்மார்க்கெட்னு பேர் இருக்கற சதுக்கத்துல இருந்து நடக்கற தூரம்தான், சந்துக்குள்ள திரும்பினா திடீர்னு முன்னாடி நிக்குது. மேற்கு பக்கச் சுவத்துல குறுகலா உயரமா அஞ்சு ஜன்னல், அதுக்கு மேல வட்டமா ஒரு பெரிய ஜன்னல், அது 1270 வாக்குல கட்டினது. உள்ள இருக்கற மரத்தை ஆராய்ச்சி பண்ணதுல கட்டடத்தோட ரொம்பப் பழைய பகுதி 1094 வாக்குலன்னு தெரிஞ்சிருக்கு. ராஜராஜ சோழன் தஞ்சாவூர் கோயில் கட்டி முடிச்சு எண்பது வருஷம் கழிச்சுன்னு நான் மனசுக்குள்ள கணக்கு போட்டுக்கிட்டேன், அப்படி வெச்சாதான் எனக்குக் காலம் பிடிபடுது.

1349-ல ஒளிச்சு வெச்ச நகையெல்லாம் கீழ நிலவறையில இருக்கு. 1998-ல மிக்கேலிஸ் தெருவுல வீடு கட்ட மண்ணைத் தோண்டும்போது, பழைய நிலவறை வாசல் சுவருக்கு அடியில கிடைச்சது. மொத்தம் முப்பது கிலோவுக்குக் கிட்ட. வெள்ளிக்காசு மட்டும் 3,141, முக்காவாசி பிரான்ஸ் காசு, கூடவே 14 வெள்ளிக் கட்டி, எழுநூறுக்கு மேல நகையும் பொருளும். அந்த இடம் அப்போ கல்மான்னு ஒரு யூத வட்டிக்கடைக்காரருது, வீஹேங்கற ஊர்க்காரர், அவர்தான் ஒளிச்சு வெச்சிருக்கணும்னு சொல்றாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி அடுக்குற மாதிரி எட்டு வெள்ளிக் கிளாஸ் இருக்கு, பயணத்துக்கு எடுத்துட்டுப் போகத் தோதா. துணியில தெச்சுக்கற சின்னச் சின்ன வெள்ளிப் பூ நூத்துக்கணக்குல, ஊசி நூல் போற ஓட்டை கூட தெரியுது. எனக்கு அதுலதான் கண்ணு நின்னுச்சு, ஏன்னா யாரோ ஒரு பொண்ணு பழைய பாவாடையில இருந்து அதைப் பிரிச்சு எடுத்து பத்திரப்படுத்தியிருப்பாளோன்னு தோணுச்சு. சாமி சாமான் கிடையாது, எல்லாம் வீட்டுல புழங்குன சாமான்.

அப்புறம் அந்த கல்யாண மோதிரம். தங்கம், மேல ஒரு குட்டி கோபுர வீடு, ஆறு பட்டைக் கூரை, ஜன்னல் வளைவெல்லாம் செதுக்கியிருக்காங்க. கூரையில ஹீப்ரூ எழுத்துல மஸல் டோவ்னு கல்யாண வாழ்த்து. அடியில ரெண்டு கை ஒண்ணையொண்ணு பிடிச்சிருக்கு. கோபுரத்துக்குள்ள ஒரு சின்னத் தங்க உருண்டை, ஆட்டினா கொலுசுக்குள்ள இருக்கற முத்து மாதிரி சத்தம் வருமாம். யூத முறைப்படி கல்யாண மோதிரத்துல ரத்தினக்கல் கூடாது, பொண்ணுக்குக் குடுக்கறதோட மதிப்பு சந்தேகமில்லாம தெரியணும், அதனாலதான் கல்லு இருக்க வேண்டிய இடத்துல வீட்டையே கட்டி வெச்சிருக்கார் அந்தத் தட்டார். தினமும் போட்டு நடமாடுற மோதிரம் இல்ல, சடங்குக்குத்தான். இதே மாதிரி இன்னொண்ணு பிரான்ஸ்ல கொல்மார்ங்கற ஊர்ல 1863-ல ஒரு வீட்டுச் சுவத்துக்குள்ள கிடைச்சது, இப்ப பாரிஸ்ல இருக்கு. அதுவும் ஒளிச்சு வெச்சதுதான்.

பக்கத்துல நின்ன சிரியாக்கார அக்கா ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "வீட்டை விட்டுப் போறப்ப எங்க அம்மாவும் இப்படித்தான் புதைச்சாங்க"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. நாங்க யாரும் மேற்கொண்டு கேக்கல.

ஏன் ஒளிச்சாங்கங்கறதை டீச்சரம்மா மெதுவா, எங்களுக்குப் புரியற ஜெர்மன்ல சொன்னாங்க. பிளேக் நோய் ஐரோப்பாவுல பரவுது, யூதர்கள் கிணத்துல விஷம் கலந்தாங்கன்னு புரளி கிளம்புது, 1349 மார்ச் 21-ல இங்க இருந்த யூத சமூகத்தையே அழிச்சிட்டாங்க, கிட்டத்தட்ட 900 பேர்னு ஒரு கணக்கு. அப்போ எர்ஃபுர்ட்டுக்கு பிளேக் வந்திருக்கவே இல்ல, அது அடுத்த வருஷம்தான் வந்துச்சு. அவங்ககிட்ட கடன் வாங்குனவங்களும் ஊர்ப் பெரியவங்களும் அந்த அழிச்ச கூட்டத்துல இருந்திருக்காங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது எதுன்னா, அவங்க முந்தாநாள் வந்து இறங்குனவங்க இல்ல, இருநூத்தைம்பது வருஷமா இந்த ஊர்க்காரங்க. இதே தெருவுல கடை, வீடு, கல்யாணம் எல்லாம். நாங்க ஒரு விசா பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு எப்ப செட்டில் ஆவோம்னு பேசிக்கறோம், எத்தனை தலைமுறை இருந்தா செட்டில்னு அர்த்தம்?

கட்டடம் எப்படித் தப்பிச்சுதுன்னு கேட்டா அது இன்னொரு கதை. சினகாக்கை ஊர் நிர்வாகம் எடுத்து ஒரு வியாபாரிக்கு வித்திருச்சு, அவர் கீழ ஆழமா நிலவறை தோண்டி, நடுவுல மரத்தளம் போட்டு குடோன் ஆக்கினார், நகையெல்லாம் இப்ப வெச்சிருக்கறது அந்த நிலவறையிலதான். ஐநூறு வருஷம் குடோன். அதுக்கப்புறம் ஹோட்டல், மாடியில டான்ஸ் ஹால், அந்த பெயின்ட் அடிச்ச சுவத்தை இன்னைக்கும் அப்படியே விட்டு வெச்சிருக்காங்க, அதுக்கு நான் மரியாதை குடுக்கறேன், எதையும் துடைச்சு அழகு பண்ணல. சுத்தி வேற கட்டடங்க மூடிக்கிட்டதால நாஜிகளுக்கு இது சினகாக்னே தெரியல. 1938 நவம்பர்ல ஊர்ல இருந்த பெரிய சினகாக்கை எரிச்சாங்க, இது நின்னுச்சு. யாருக்கும் ஞாபகம் இல்லாததாலதான் பிழைச்சிருக்கு. 2009-ல மியூசியமா திறந்தாங்க, 2023-ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு.

பாலத்துக்குப் பக்கத்துல யூதப் பெண்கள் சடங்கா முழுகுற கல் தொட்டி ஒண்ணு 2007-ல கிடைச்சிருக்கு, மேல இருந்து கண்ணாடி வழியா பாக்கலாம். அதுக்கு மேல நான் எத்தனை தடவை காய்கறிப் பையோட நடந்து போயிருக்கேன்!

இப்ப யாரு ஊர்ல இருந்து வந்தாலும் சர்ச்சுக்கு முன்னாடி இங்கதான் கூட்டிட்டுப் போறேன். மோதிரத்தைப் பாத்த உடனே எத்தனை பவுன்னு கேப்பாங்க, கேக்கட்டும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, அப்படியே அந்தத் துணிப் பூக்களையும் காட்டிருவேன். மாடியில இந்த ஊர் யூதர்களோட பழைய ஹீப்ரூ கையெழுத்துப் பிரதிகளைப் பத்தி விளக்கி வெச்சிருக்காங்க, 1343-ல எழுதுன எர்ஃபுர்ட் பைபிள் ரொம்பப் பெருசு, தூக்க முடியாத கனம். மொத்தம் 15 பிரதி, படுகொலைக்கு அப்புறம் ஊர்க்காரங்க கைக்குப் போயி, ஒரு மடத்து லைப்ரரியில கிடந்து, 1880-ல பெர்லின் லைப்ரரிக்கு வித்துட்டாங்க. அசல் அங்கதான் இருக்கு. லீவு கிடைச்சா அடுத்து பெர்லின் போகணும்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.