ஒரு சிறிய பேய்ப்படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய அனுபவம்

மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையின் தொழிலாளர் குடியிருப்பில், நண்பர்கள் சிலர் சேர்ந்து போட்ட பணத்தில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஓர் அமானுஷ்யத் திகில் படத்தை எடுத்து முடித்தோம். படப்பிடிப்பைப் பற்றிச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். அதற்குப் பிந்தைய தணிக்கையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை என்பதால், அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வியாபாரக் கணக்கு. 'ஏ' சான்றிதழ் கிடைத்தால் 18 வயது நிரம்பாதவர்களைத் திரையரங்குக்குள் அனுமதிக்க முடியாது என்பதோடு, அந்த வடிவத்தில் படத்தைத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்ப முடியாது. ஓடிடி தளங்கள் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகையைத் தாங்களே குறித்துக்கொள்கின்றன. ஆனால் எங்களைப் போன்றவர்களின் படத்தைத் திரையரங்கில் வெளியாவதற்கு முன்பே வாங்குவார்கள் என்று நம்பிக் கடன் வாங்க எங்களுக்குத் துணிவில்லை. 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம், 'யுஏ' வகையை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது திகில் படக்காரர்களுக்கு நல்லதாகவே அமைந்தது. 'யுஏ 16+' என்பது தடை அல்ல. பிள்ளையை அழைத்து வருவதா வேண்டாமா என்பதைப் பெற்றோரின் முடிவுக்கு விடும் குறிப்பு மட்டுமே. எங்கள் இலக்கு அதுதான் என்பதைப் படத்தொகுப்பு தொடங்கும்போதே தீர்மானித்துவிட்டோம்.

தணிக்கை வாரியத்துக்கான விண்ணப்பம் முழுவதும் இணையவழிதான். கட்டணம் கட்டி, கதைச்சுருக்கத்தையும் முழு வசனத்தையும் பதிவேற்றுவது எளிய வேலை. விலங்குகள் தொடர்பான தாள்களுக்குத்தான் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எங்கள் படத்தில் ஒரு கருஞ்சேவல் நடைக்கூடத்தைக் கடந்து போகும், அவ்வளவுதான். அதற்கும் இந்திய விலங்கு நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி பெற்று, எடுத்த காட்சியைப் பிறகு காட்டித் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஒரு காலத்தில் சென்னையிலேயே இருந்த அந்த வாரியத்தின் தலைமையகம் இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. கிளைமாக்ஸில் வரும் காகங்கள் அனைத்தும் கணினி வரைகலை. அதற்குச் சான்றாக, காகமே இல்லாத வெற்று வேப்பமரத்தின் ஷாட்டையும் காகங்கள் சேர்த்த ஷாட்டையும் வரிசையாக அடுக்கி ஒரு கோப்பைத் தயாராக வைத்திருந்தோம். வரைகலைக் கலைஞர்கள் வேலை முடிந்ததும் அழித்துவிடக்கூடிய இடைநிலைக் கோப்புகள் இவை. கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பீடி விஷயம் வேறு வகையானது. காவல்காரர் இருட்டில் பீடி பற்றவைக்கும் காட்சி எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. புகையிலை காட்டப்படும் படத்தில் தொடக்கத்திலும் இடையிலும் எச்சரிக்கைப் படங்கள் போட வேண்டும் என்பதோடு, அந்தக் காட்சி ஓடும் நேரம் முழுவதும் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகமும் இருக்க வேண்டும். கும்மிருட்டான நடைக்கூடத்தில் அந்த வெள்ளை எழுத்து ஒரு டியூப்லைட்டைப் போல எரிந்துகொண்டிருந்தால் பேய்க்கு என்ன மரியாதை? பீடியை எடுத்துவிட்டு அவர் கையில் டார்ச்சைக் கொடுத்து, அந்தப் பகுதியை மீண்டும் எடுத்தோம்.

தணிக்கை வாரியத்தின் ஆய்வுக் குழுவினர் படம் பார்க்கும்போது விண்ணப்பதாரர் அரங்கினுள் இருக்க முடியாது. நானும் ஒலி வடிவமைப்பாளரும் வெளியே காத்திருந்தோம். கதவின் வழியே வசனம் எதுவும் கேட்காது. தாழ்ந்த அதிர்வொலிகள் மட்டும் கசிந்து வரும். அதை வைத்தே எந்தக் காட்சி ஓடுகிறது என்று அவர் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் உள்ளே அழைத்துப் பேசினார்கள். தணிக்கைக்கான 1991ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் திகில் படத்தை நேரடியாகத் தொடுபவை இரண்டு. வன்முறை, குரூரம், கொடூரம் ஆகியவை தேவையின்றிக் காட்டப்படக் கூடாது என்பது ஒன்று. குழந்தைகள் வன்முறைக்கு ஆளாவதாகவோ, அதைச் செய்வதாகவோ, கட்டாயத்தின் பேரில் பார்ப்பதாகவோ தேவையின்றிக் காட்டக் கூடாது என்பது மற்றொன்று. ஆவி புகுந்த சிறுமி அரிவாளோடு பாட்டியின் முன் நிற்பதுதான் எங்கள் கதையின் உயிர்நாடி என்பதால், இரண்டாவது நெறி நேராக எங்கள் மீது விழுந்தது. அந்த இடத்தில் கலைச் சுதந்திரம் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்தக் காட்சி இல்லாவிட்டால் பாட்டி செய்த பழைய துரோகம் பார்வையாளருக்குப் புரியாது என்பதைக் காட்சி காட்சியாக எடுத்துச் சொன்னேன். சிறுமி நிற்பது இருக்கலாம், அரிவாள் ஓங்கப்படுவது வேண்டாம் என்ற அளவில் முடிந்தது. பாட்டியின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாட் ஒன்று கைவசம் இருந்ததால் தப்பித்தோம். கழுத்து நெரிக்கும் காட்சியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வசைச்சொல்லை மியூட் செய்யச் சொன்னார்கள்.

ஏற்காவிட்டால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேலே இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால், அடுத்த படி உயர் நீதிமன்றம்தான். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் சிறு தயாரிப்பாளர் முதல் குழுவிடமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே என் கருத்து.

கழுத்து நெரிக்கும் காட்சியைப் பாதியாகக் குறைப்பது படத்தொகுப்பாளருக்குச் சிறிய வேலை. ஒலிக்கலவைக்குத்தான் பெரிய வேலை. ஏறிக்கொண்டே போகும் இசை நடுவில் அறுந்து நிற்பதால், அந்தப் பகுதியின் 5.1 ஒலித்தடத்தை மீண்டும் கலந்து, திரையரங்குகளுக்குக் கொடுக்கும் டிஜிட்டல் படக்கோப்பான டிசிபியையும் புதிதாக எடுக்க நேர்ந்தது. இந்தச் செலவை எந்தப் பட்ஜெட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

'யுஏ 16+' கிடைத்தது. முன்பு பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியான சான்றிதழ் இப்போது நிரந்தரமானது. திரையரங்கில் காட்டும் டிரெய்லருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளியீட்டுக்குச் சற்று முன்னால் விநியோகஸ்தர், இரண்டாம் பாதியில் சில நிமிடங்களைக் குறைத்தால் நன்றாக ஓடும் என்றார். சான்றிதழ் பெற்ற படத்தில் நாமே விரும்பிக் குறைத்தாலும் தணிக்கை வாரியத்திடம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், கையிலிருந்த பணத்தையும் நாட்களையும் கணக்குப் போட்டுப் பார்த்து, பழைய நீளத்திலேயே வெளியிட்டோம்.