நான்கா, மூன்றா

"நான்கு" என்று சொல்லிவிட்டுத்தான் துணியை இரண்டாம் முறை பார்த்தேன். எது முன், எது பின் என்பது அறிக்கையில் இல்லை.

எத்தில் சிலிக்கேட் துத்தநாக பிரைமர் (துத்தநாகத் தூள் கலந்த அடிப்பூச்சு) அடித்த இரும்பு உத்தரங்கள். சோதித்துச் சொல்ல வேண்டியவன் நான். மறுநாள் காலை மேலே எப்பாக்சி பெயிண்ட் ஏற வேண்டும். அதற்கு முன், பிரைமர் இறுகிவிட்டதா என்று அறிய, எம்.இ.கே. என்ற கரைப்பானில் துணியை நனைத்து 50 முறை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பார்ப்பது வழக்கம். படலத்துக்கு ஒன்றும் ஆகாவிட்டால் மதிப்பெண் ஐந்து. லேசாகப் பளபளத்து, துணியில் கொஞ்சம் துத்தநாகம் ஒட்டினால் நான்கு. படலமே தேய்ந்து பள்ளம் தெரிந்தால் மூன்று. எங்களுக்கு நான்கு போதும். தாளில் இது தெளிவாக இருக்கிறது. சாம்பல் படிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் குழப்பம்.

பக்கத்தில் பெயிண்டிங் ஃபோர்மேன், என்னைவிட மூத்தவர். "எத்தனை தம்பி?" என்றார். குரலில் அவசரம் இல்லை. அவசரப்படுத்தியிருந்தால் ஒருவேளை நான் முறைத்துக்கொண்டு மூன்று என்று எழுதியிருப்பேன். அவர் படலத்தில் நாணயத்தைக் கீறிக் காட்டினார். தூள் வரவில்லை, கோடு பளபளத்தது. "கல் மாதிரி இருக்கிறது, பாருங்கள்." உண்மைதான், அந்த இடத்தில் கல் மாதிரிதான் இருந்தது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தெளிக்கும்போது பறந்து படியும் உலர்தூள் எந்த துத்தநாக பிரைமரிலும் இருக்கும். முதல் பத்துத் தேய்ப்பிலேயே அது துணியைக் கறுப்பாக்கிவிடும். துணி கறுத்தது என்பதற்காக மட்டும் யாரும் பிரைமரை நிராகரிப்பதில்லை. முந்தைய இரவு தண்ணீரும் தெளித்திருந்தார்கள். பெரும்பாலான பெயிண்டுக்கு ஈரம் எதிரி; இதற்கு அதுதான் உணவு. காற்றிலுள்ள நீர் சிலிக்கேட்டை உடைத்து, எத்தனால் ஆவியாகப் போன பிறகு சிலிக்கா வலைபோலப் பின்னிக்கொண்டு துத்தநாகத் துகள்களைப் பிடிக்கும். கரைப்பான் பறந்துவிட்டால் தொடுவதற்குக் காய்ந்தது போலவே இருக்கும், உள்ளே இன்னும் பாதிதான் இறுகியிருக்கும். இதையெல்லாம் புதிதாக வரும் பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

அன்று பகலில் ஈரப்பதம் 42 விழுக்காடு. பொதுவாக 50க்குக் குறையக் கூடாது என்பார்கள். அந்த 42ஐப் பதிவேட்டில் எழுதியதும் நான்தான், அதே பக்கத்தில் நான்கு என்று எழுதியதும் நான்தான்.

சில நாட்களில் ஓர் உத்தரத்தின் மூலையில் எப்பாக்சி அப்பளம் போல எழும்பியது. பிய்த்துப் பார்த்தோம். அதன் அடியிலும் சாம்பல், இரும்பின் மேலும் சாம்பல். துத்தநாகப் படலம் நடுவிலேயே பிளந்திருந்தது. எப்பாக்சி இறுகும்போது சுருங்கும். அந்த இழுப்பை முழுதாக இறுகாத படலம் தாங்காது. மேலே மூடிவிட்டதால் கீழே இருந்ததற்கு ஈரமும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

அந்த மூலையில் பிரைமர் தடிமன் 130 மைக்ரான். நாங்கள் கேட்டது 75. அப்படியானால் குற்றம் தடிமனுடையது, என் எண்ணுடையது அல்ல என்று வாதிடலாம். வாதிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நான் அந்த மூலையில் தேய்க்கவே இல்லை. ஏணி நின்ற இடத்தில் தேய்த்தேன். ஏணியை அங்கே வைத்தது யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவர் வேண்டுமென்றே வைத்தார் என்று சொல்ல மாட்டேன். முந்தைய நாள் வேலை முடிந்த இடத்தில் ஏணி நிற்பது இயல்புதானே. இருந்தாலும் நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஏணி, நான் அல்ல.

அந்த உத்தரத்தை மறுபடி பிளாஸ்டிங் செய்து இரும்பை வெளிக்கொணர்ந்தார்கள். மணல் வீசிய பையன்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஃபோர்மேனும் சொல்லவில்லை. "நீங்கள் நான்கு என்றீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

அடுத்த வரிசைக்கு ஏணியை மூலைக்கு நகர்த்தச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டு, தானே தூக்கி வைத்தார். 50 முறை தேய்த்தேன். துணி முன்பு போலவே கறுத்தது; உண்மையைச் சொன்னால் முன்பைவிடக் கொஞ்சம் கூடவே. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை, காத்திருந்தார்.

நான்கு என்றேன். அந்த உத்தரம் இன்றும் அப்படியே நிற்கிறது.